ரப்பர் அமுங்காது என்றால் என்ன பொருள்?

ரப்பர் அமுங்காத பொருள், அதன் பாய்சான் விகிதம் 0.5 என்று பாடத்தில் படித்த ஒரு பொறியியல் மாணவர், அதைத் தாமே சோதித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விக்கு இது பதில். 10 மி.மீ. அகலமுள்ள ரப்பர் பட்டையை அவர் இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தபோது அகலம் ஏறத்தாழ 7 மி.மீ. ஆனது, பக்கவாட்டுத் திரிபை (தொடக்க அளவில் எத்தனை பங்கு மாறியது என்பதை) நீளவாட்டுத் திரிபால் வகுத்தால் 0.3 வருகிறதே, 0.5 எங்கே போனது என்பது முதல் ஐயம். 0.5 என்று வைத்துக்கொண்டால் சமன்பாட்டில் பருமக் குணகம் (கன அளவு மாறுவதை எதிர்க்கும் திறன்) முடிவிலியாகிறது, கணினி மென்பொருளும் அந்த எண்ணை ஏற்க மறுக்கிறது என்பது இரண்டாவது. அமுங்கவே அமுங்காத ஒன்று எப்படி மீட்சித்தன்மையும் உடையதாக இருக்கும், விரலால் அழுத்தினால் ஏன் நசுங்குகிறது என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே இடத்தில் முடிச்சிட்டுக் கிடக்கின்றன.

முதலில் உங்கள் அளவீட்டைப் பார்ப்போம். நீங்கள் அளந்தது சரி. பட்டையின் கன அளவு மாறவில்லை என்பதற்கு அதுவே சான்று. நீளம் 2 மடங்காகும்போது கன அளவு மாறாதிருக்க வேண்டுமானால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாக வேண்டும். அகலமும் தடிப்பும் ஒரே விகிதத்தில் குறைவதால் ஒவ்வொன்றும் 0.707 மடங்காகும். 2, 0.707, 0.707 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 1 வருகிறது. 10 மி.மீ. அகலம் 7.07 மி.மீ. ஆவது இதனால்தான். பாய்சான் விகிதம் என்ற எண் மிகச் சிறிய திரிபுகளுக்காக வரையறுக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுவதால் குழப்பம் வருகிறது. அதே பட்டையை 5 விழுக்காடு மட்டும் நீட்டியிருந்தால் அகலம் 0.24 மி.மீ. குறைந்திருக்கும், விகிதம் 0.48 என்று வந்திருக்கும். நீட்சியைக் குறைக்கக் குறைக்க அது 0.5ஐ நெருங்கும். பெரிய நீட்சிக்கும் பொருந்தும்படி வேண்டுமானால் மடக்கைத் திரிபை, அதாவது புதிய அளவைப் பழைய அளவால் வகுத்ததன் மடக்கையைப் பயன்படுத்த வேண்டும்: 0.707இன் மடக்கையை 2இன் மடக்கையால் வகுத்தால் துல்லியமாக −0.5 கிடைக்கும்; அகலம் குறைவதையே கழித்தல் குறி காட்டுகிறது. பள்ளியில் கற்ற வரையறையைக் கம்பிக்கும் தண்டுக்கும் பழகிய கையோடு ரப்பருக்கும் கொண்டுவருவது கற்றவர்களிடமும் நான் காணும் தவறு. எஃகு ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நீண்டாலே பெரிது. ரப்பரோ பல மடங்கு நீள்கிறது.

இப்போது அடிப்படைக்கு வருவோம். ஒரு திண்மத்தை நாம் என்ன செய்தாலும், இழுத்தாலும் முறுக்கினாலும் வளைத்தாலும், அதற்கு நேர்வது இரண்டே வகை மாற்றம்தான்: ஒன்று கன அளவு மாறுவது, மற்றது கன அளவு மாறாமல் வடிவம் மட்டும் மாறுவது. முதலாவதை எதிர்க்கும் திறனைப் பருமக் குணகம் சொல்கிறது. இரண்டாவதை எதிர்க்கும் திறனை விறைப்புக் குணகம் சொல்கிறது. எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரியான பண்புடைய பொருளுக்கு இவ்விரண்டே மூல எண்கள். யங் குணகமும் (ஒரு திசையில் இழுப்பதை எதிர்க்கும் திறன்) பாய்சான் விகிதமும் இவற்றிலிருந்து பெறப்படுபவை. எஃகுக்குப் பருமக் குணகம் ஏறத்தாழ 160 ஜிகாபாஸ்கல், விறைப்புக் குணகம் ஏறத்தாழ 80 ஜிகாபாஸ்கல். ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு. மிருதுவான இயற்கை ரப்பருக்குப் பருமக் குணகம் ஏறத்தாழ 2 ஜிகாபாஸ்கல், அதாவது 2000 மெகாபாஸ்கல். விறைப்புக் குணகமோ அரை மெகாபாஸ்கல் அளவு. ஒன்று மற்றதைப் போல 4000 மடங்கு.

ரப்பரைப் பற்றிய எல்லாமே இந்த 4000 என்ற எண்ணில் அடங்கியிருக்கிறது. விரலால் அழுத்தும்போது ரப்பரின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன: சுருங்கலாம், அல்லது பக்கவாட்டில் பிதுங்கலாம். சுருங்குவதற்குப் பிதுங்குவதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு விசை தேவைப்படுவதால், இடம் கிடைக்கும் வரை அது பிதுங்கவே செய்யும். நீங்கள் நசுங்குவதாகக் காண்பது வடிவ மாற்றம். கன அளவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அந்த வடிவ மாற்றத்தில் செலவான ஆற்றல் உள்ளே சேமிக்கப்பட்டு, விரலை எடுத்ததும் திரும்பக் கிடைக்கிறது. மீட்சித்தன்மை அங்கேதான் குடிகொண்டிருக்கிறது. ஆகவே அமுங்காமைக்கும் மீட்சிக்கும் முரண்பாடு இல்லை; அவை பொருளின் இரண்டு தனித்தனிப் பண்புகளைக் குறிக்கின்றன.

அமுங்காமை என்பது தனிமுழுமையான பண்பன்று, ஒப்பீட்டுப் பண்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு ரப்பர்க் கட்டியையும் ஓர் எஃகுக் கட்டியையும் கடலில் 4 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீரின் அழுத்தம் ஏறத்தாழ 40 மெகாபாஸ்கல். எல்லாப் பக்கத்திலிருந்தும் நீர் அழுத்துவதால் பிதுங்க இடமில்லை. ரப்பரின் கன அளவு ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும். எஃகின் கன அளவு 0.025 விழுக்காடுதான் குறையும். அமுங்காத பொருள் என்று நாம் பெயரிட்ட ரப்பர், அப்படிப் பெயரிடப்படாத எஃகைவிட 80 மடங்கு அதிகமாக அமுங்குகிறது! நீரின் பருமக் குணகம் 2.2 ஜிகாபாஸ்கல், ரப்பர் அதற்கு அருகில் நிற்கிறது. கன அளவு மாற்றத்தைப் பொறுத்தவரை ரப்பர் நீரைப் போன்றது என்று கொண்டால் தவறில்லை. தன் விறைப்பைவிடத் தன் பருமக் குணகம் மிகமிகப் பெரிதாக இருக்கும் பொருளைத்தான் அமுங்காத பொருள் என்கிறோம். இந்தப் பெயர் தருகிற மயக்கம் பெரிது. பாடநூல்கள் இந்த ஒப்பீட்டை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடலாம்.

இப்படி ஓர் ஏற்றத்தாழ்வு ஏன் ஏற்பட்டது? ரப்பரின் உள்ளமைப்பில் விடை இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் மரத்தைக் கீறி எடுத்த பாலில் அமிலம் விட்டு உறையவைத்துத் தாளாக்கிய பச்சை ரப்பரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதை இழுத்து நெடுநேரம் பிடித்திருந்தால் முழுதாகத் திரும்பாது. அதில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன, ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தபடி கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கிடையே ஆங்காங்கே முடிச்சுகள் விழுகின்றன. இந்த முடிச்சுகள் மிகக் குறைவு. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடைப்பட்ட சங்கிலித் துண்டு திரவத்தில் இருப்பது போலவே அசைந்துகொண்டிருக்கிறது. மூலக்கூறுகள் நெருங்கி அடைந்திருக்கும் விதம் திரவத்தினுடையது. எனவே பருமக் குணகமும் திரவத்தினுடையது. முடிச்சிடுவதற்கு முன்னும் பின்னும் அது பெரிதாக மாறுவதில்லை. வடிவத்தை மீட்டுத்தருவது மட்டுமே அந்த முடிச்சு வலையின் வேலை.

அந்த வலை எப்படி இழுவிசையைத் தருகிறது என்பது இன்னும் அழகானது. சங்கிலியை நீட்டும்போது அணுப் பிணைப்புகள் நீள்வதில்லை. சுருண்டு கிடக்கக்கூடிய எண்ணற்ற நிலைகளிலிருந்து, நீண்டு கிடக்கும் சில நிலைகளுக்குள் சங்கிலி அடைக்கப்படுகிறது. வெப்ப அசைவு அதைப் பழையபடி சுருளச் செய்ய முயல்வதையே நாம் விசையாக உணர்கிறோம். அதனால் விறைப்புக் குணகம், ஒரு கன மீட்டரில் உள்ள சங்கிலித் துண்டுகளின் எண்ணிக்கையையும் போல்ட்ஸ்மன் மாறிலியையும் (வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் எண்) தனி வெப்பநிலையையும் பெருக்கிய அளவாகிறது. அரை மெகாபாஸ்கல் வருவதற்கு ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 1.2 × 10²⁶ துண்டுகள் இருந்தால் போதும். இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் வாழ்ந்த, பார்வையிழந்த அறிஞர் ஜான் கஃப் இந்த வெப்பத் தொடர்பை 1805இலேயே எழுதிவைத்தார்: ரப்பரைச் சட்டென இழுத்து உதட்டில் வைத்தால் சூடு தெரிகிறது, எடை தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்குகிறது. ஜேம்ஸ் ஜூல் 1859இல் அதை அளவீடுகளால் உறுதிசெய்தார். உங்கள் ரப்பர் பட்டையைக் கொண்டே இதை இன்று மாலை செய்து பார்க்கலாம்.

பள்ளிப் பாடத்தில் ரப்பரைவிட எஃகு மீட்சித்தன்மை மிக்கது என்று ஒரு வரி வரும். ஒரே திரிபுக்கு எஃகில் எழும் தகைவு (ஓரலகுப் பரப்பில் எழும் விசை) மிகப் பெரிது என்ற பொருளில் அது சரிதான். ஆனால் மீட்சி என்ற தமிழ்ச் சொல் மீண்டு வருவதைக் குறிப்பதால், பல மடங்கு நீண்டும் மீண்டு வருகிற ரப்பரை ஏன் குறைத்துச் சொல்கிறார்கள் என்று மாணவர்கள் திகைக்கிறார்கள். அந்த வரி பேசுவது விறைப்பைப் பற்றி என்று ஆசிரியர் ஒரு சொல் சேர்த்துச் சொன்னால் திகைப்பு தீர்ந்துவிடும்.

இனி உங்கள் இரண்டாவது ஐயத்தின் கரு. யங் குணகம் என்பது பருமக் குணகத்தின் மும்மடங்கை, ஒன்றிலிருந்து பாய்சான் விகிதத்தின் இருமடங்கைக் கழித்த அளவால் பெருக்கியது. விகிதம் 0.5 ஆனால் அந்தக் கழித்த அளவு சுழியாகிறது. யங் குணகம் சுழியாகாமல் இருக்கப் பருமக் குணகம் முடிவிலியாக வேண்டும். இயற்கையில் முடிவிலி இல்லை. மேலே சொன்ன ரப்பருக்கு விகிதத்தைக் கணக்கிட்டால் 0.499875 வருகிறது. ஆனால் கணக்கை எளிதாக்குவதற்காகக் கன அளவு மாறவே மாறாது என்ற கட்டுப்பாட்டை நாம் விரும்பி ஏற்கிறோம். அப்படி ஏற்ற கணத்தில் ஒரு விலை கொடுக்கிறோம்: திரிபு தெரிந்தால் தகைவு தெரிந்துவிடும் என்ற பழைய உறுதி போய்விடுகிறது.

இதை விளங்கிக்கொள்ள மேசைமீது வைத்த புத்தகத்தை நினையுங்கள். மேசை புத்தகத்தை எவ்வளவு விசையோடு மேல்நோக்கித் தாங்குகிறது? மேசை எவ்வளவு வளைந்தது என்று அளந்து அதை நாம் கண்டுபிடிப்பதில்லை. மேசை அசையாது என்று கொண்டு, புத்தகத்தின் எடையிலிருந்து கண்டுபிடிக்கிறோம். அமுங்காத பொருளுக்குள் இருக்கும் அழுத்தமும் அத்தகையது. ஒரு ரப்பர்க் கனசதுரத்தின் ஆறு பக்கத்திலும் ஒரே அழுத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதன் வடிவம் இம்மியும் மாறாது. எனவே வடிவத்தைப் பார்த்து அந்த அழுத்தத்தைச் சொல்ல முடியாது. வடிவ மாற்றத்திலிருந்து கிடைக்கும் தகைவு ஒரு பகுதி. கட்டுப்பாட்டைக் காப்பாற்றப் பொருள் தானே ஏற்றுக்கொள்ளும் அழுத்தம் மறு பகுதி. அந்த மறு பகுதியை விளிம்பு நிலைகளும் சமநிலையுமே தீர்மானிக்கின்றன. கன அளவு மாறாததால் இந்த அழுத்தம் எந்த வேலையும் செய்வதில்லை. சேமித்த ஆற்றலில் அதற்குப் பங்கில்லை.

உங்கள் பட்டையிலேயே இதைச் செய்து காட்டலாம். எளிய மாதிரியில், எந்தத் திசையிலும் வடிவ மாற்றத்தால் வரும் தகைவு, விறைப்புக் குணகத்தை அத்திசையின் நீட்சி விகிதத்தின் (புதிய அளவைப் பழைய அளவால் வகுத்ததன்) வர்க்கத்தால் பெருக்கியது. பட்டையின் பக்கங்களை எதுவும் தொடவில்லை. எனவே பக்கவாட்டில் மொத்தத் தகைவு சுழி. அங்கே நீட்சியின் வர்க்கம், நீளவாட்டு நீட்சி விகிதத்தின் தலைகீழ். ஆகவே உள் அழுத்தம், விறைப்புக் குணகத்தை நீட்சி விகிதத்தால் வகுத்ததற்குச் சமமாக வேண்டும். அதை நீளவாட்டுத் தகைவிலிருந்து கழித்து, பரப்பு குறைந்ததையும் கணக்கில் சேர்த்தால், தொடக்கப் பரப்பை வைத்துச் சொல்லும் தகைவு கிடைக்கிறது:

தகைவு = விறைப்புக் குணகம் × (நீட்சி விகிதம் − 1 ÷ நீட்சி விகிதத்தின் வர்க்கம்)

நீட்சி விகிதம் 2 என்றால் அடைப்புக்குள் 1.75 வருகிறது, அரை மெகாபாஸ்கல் விறைப்புக்கு 0.875 மெகாபாஸ்கல். தகைவு திரிபுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஹூக் விதியை அப்படியே நீட்டிக் கணக்கிட்டிருந்தால் 1.5 மெகாபாஸ்கல் என்று சொல்லியிருப்போம். அதே ரப்பரைப் பாதி உயரத்துக்கு அமுக்கினால் அடைப்புக்குள் −3.5 வருகிறது, இழுப்பதற்கு வேண்டியதைப் போல இரு மடங்கு விசை. இழுக்கும்போது பரப்பு சுருங்குகிறது, அமுக்கும்போது பரப்பு விரிகிறது என்பது இதற்கு முதன்மையான காரணம். 1940இல் மெல்வின் மூனியும், 1948இலிருந்து ரொனால்ட் ரிவ்லினும் இக்கணிதத்தை முழுமையாக வளர்த்தனர். 1944இல் ட்ரெலோர் வெளியிட்ட ரப்பர் இழுப்பு அளவீடுகள் இன்றும் புதிய மாதிரிகளைச் சோதிக்கப் பயன்படுகின்றன. நான்கைந்து மடங்குக்கு மேல் நீட்டினால் இந்த எளிய மாதிரி பொய்த்துவிடும். சங்கிலிகள் நீளத்தின் எல்லையைத் தொடுகின்றன, இயற்கை ரப்பர் படிகமாகவும் தொடங்குகிறது. நீட்டிய ரப்பரில் படிகம் உருவாவதைக் காட்ஸ் 1925இல் எக்ஸ்ரே படத்தில் கண்டார்.

இதே கணக்கைப் பலூனுக்குச் செய்தால் ஒரு வியப்பான முடிவு வருகிறது. பலூனின் தோல் இரு திசையிலும் நீள்கிறது. கன அளவு மாறாததால் தடிப்பு ஆரம் பெருகுவதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்றழுத்தம், ஆரம் தொடக்கத்தைப் போல 1.38 மடங்காகும்போது உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. திருவிழாவில் பலூன் ஊதுபவர் முதல் ஊதலுக்குக் கன்னம் புடைக்கத் திணறுவதும், ஒரு கட்டத்துக்குப் பிறகு எளிதாக ஊதிவிடுவதும் இந்த உச்சத்தால்தான். உச்சத்தைத் தாண்டிய இரண்டு பலூன்களைக் குழாயால் இணைத்தால், தோல் விறைக்கத் தொடங்காத வரை, சிறியது சுருங்கிப் பெரியது வீங்கும்.

அமுங்காமையின் நடைமுறை விளைவு முழுதாகத் தெரிவது ரப்பரை அடைத்துவைக்கும்போது. ஒரு சிறு தொழிற்கூடத்தில் இயந்திரத்தின் அதிர்வைக் குறைக்க எஃகுக் கிண்ணத்துக்குள் ரப்பர் வில்லையைப் பொருத்தி, அதன்மேல் இயந்திரத்தின் காலை வைத்திருந்தார்கள். வில்லை கிண்ணத்தை ஓர் இடைவெளியும் இல்லாமல் நிரப்பும்படி நேர்த்தியாகக் கடைந்திருந்தார்கள். அதிர்வு சிறிதும் குறையவில்லை. இன்னும் மிருதுவான ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம், வில்லையின் விட்டத்தைக் குறையுங்கள் என்று சொன்னபோது நம்பவில்லை. குறைத்ததும் இயந்திரம் அமைதியானது. பக்கவாட்டில் இடமிருந்தால் அந்த ரப்பரின் யங் குணகம் 1.5 மெகாபாஸ்கல். இடமே இல்லையென்றால் அது எதிர்ப்பது பருமக் குணகத்தைக் கொண்டு, அதாவது 2000 மெகாபாஸ்கலுக்கு மேல். ஒரே வில்லை, 1300 மடங்கு வேறுபாடு. எவ்வளவு மிருதுவான ரப்பரை வாங்கி அடைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ரப்பரின் மிருதுத்தன்மை விறைப்புக் குணகத்தில் இருக்கிறது, பருமக் குணகம் எல்லா ரப்பருக்கும் ஏறத்தாழ ஒன்றே. குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் ஓ-வளையம் அமரும் பள்ளத்தை வளையத்தின் கன அளவைவிடப் பெரிதாக வெட்டுவதும் இதனால்தான்.

இக்குறையையே குணமாக்கிய இடம் பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் அடியில் வைக்கும் ரப்பர்த் தாங்கிகள். பாலத்தின் தளம் வெயிலில் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. அதற்கு இடம்கொடுக்கத் தாங்கி கிடைமட்டத்தில் இளகியதாக இருக்க வேண்டும். பாலத்தின் எடையைத் தாங்கச் செங்குத்தில் இறுகியதாகவும் இருக்க வேண்டும். 400 மி.மீ. சதுரமும் 100 மி.மீ. உயரமும் உள்ள ஒரு ரப்பர்க் கட்டியை எடுத்துக்கொள்வோம்; விறைப்புக் குணகம் 0.9 மெகாபாஸ்கல். 80 டன் எடை ஏறினால் அது பாதியளவுக்கு நசுங்கிப் பக்கங்களில் பிதுங்கிவிடும். இதே ரப்பரை 10 மி.மீ. தடிப்புள்ள பத்து அடுக்குகளாக்கி, இடையிடையே மெல்லிய எஃகுத் தகடுகளை வைத்து ஒட்டிவிட்டால் கதை மாறுகிறது. ஒவ்வோர் அடுக்கின் மேற்புறமும் அடிப்புறமும் எஃகோடு ஒட்டியிருப்பதால் நகர முடியாது. பிதுங்க இருப்பது ஓரத்தில் உள்ள 10 மி.மீ. இடைவெளி மட்டுமே.

எடை ஏறும் பரப்பை, பிதுங்க இடமுள்ள பக்கப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது வடிவக் காரணி. கட்டியாக இருந்தபோது அது 1. அடுக்குகளாக்கிய பின் 10. அமுக்கத்துக்கான பயனுறு குணகம் ஏறத்தாழ வடிவக் காரணியின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. கணக்கிட்டால் 10 மெகாபாஸ்கலுக்கும் குறைவாக இருந்தது 600 ஆகிறது. இந்த நிலையில் ரப்பர் அமுங்காது என்ற எடுகோளே ஆட்டம் காணத் தொடங்குகிறது. அதன் உண்மையான பருமக் குணகத்தைச் சேர்த்தால் 600 என்பது 460 அளவுக்கு இறங்குகிறது. 80 டன் எடைக்கு இத்தாங்கி 1 மி.மீ. சற்றே கூடுதலாகத்தான் அமுங்கும். கிடைமட்டத்தில் தள்ளும்போதோ ரப்பருக்கு நேர்வது வடிவ மாற்றம் மட்டும். பிதுங்கும் தேவையே எழுவதில்லை, எனவே தகடுகள் அங்கே தலையிடுவதில்லை. 50 மி.மீ. நகர்த்த ஏறத்தாழ 7 டன் விசை போதும், தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். கன அளவையும் வடிவத்தையும் பொருள் தனித்தனியாக நடத்துவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொறியியல் கருவியை நான் அறியேன். பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃப்ரெய்சினே 1954இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துப் பெல்ஹாம் பாலம் 1950களின் பிற்பகுதியில் இயற்கை ரப்பர்த் தாங்கிகள் மேல் கட்டப்பட்டது.

தகடுகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1963 ஜூலை 26 அன்று நிலநடுக்கத்தில் சிதைந்த ஸ்கோப்யே நகரில் (இன்றைய வட மாசிடோனியாவின் தலைநகர்), 1969இல் பெஸ்டலோசி பள்ளிக் கட்டடத்தை ரப்பர்க் கட்டிகளின்மேல் எழுப்பினார்கள். நிலநடுக்கத்திலிருந்து கட்டடத்தைப் பிரித்துவைக்க ரப்பரைப் பயன்படுத்திய முன்னோடி முயற்சி அது. ஆனால் கட்டிகளுக்குள் எஃகுத் தகடு இல்லை. கட்டடத்தின் எடையில் அவை பக்கங்களில் பிதுங்கின. செங்குத்திலும் இளகியதாக இருந்ததால், நிலம் அசைந்தால் கட்டடம் மேலும் கீழும் ஊசலாடக்கூடியதாக இருந்தது. பின்னாளில் அவற்றை மாற்றினார்கள். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் இடிந்த குஜராத்தின் புஜ் மருத்துவமனையைத் திரும்பக் கட்டியபோது, தகடுகளும் நடுவே ஈயத் தண்டும் கொண்ட ரப்பர்த் தாங்கிகளை வைத்தார்கள். கிடைமட்டத்தில் நகர விட்டு, செங்குத்தில் உறுதியாகத் தாங்கி, ஈயத்தின் உருமாற்றத்தில் அதிர்வின் ஆற்றலைச் செலவிட்டுவிடும் அமைப்பு அது.

அமுக்குவதைத் தாங்கும் இதே மெல்லிய அடுக்கு, இழுக்கப்பட்டால் எதிர்பாராத விதத்தில் தோற்றுப்போகும். பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கத்தில் ஆலன் ஜென்ட்டும் பீட்டர் லிண்ட்லியும் 1959இல், இரண்டு உலோக வட்டுகளுக்கிடையே மெல்லிய ரப்பர் வில்லையை ஒட்டி இழுத்துப் பார்த்தார்கள். பக்கங்கள் உள்வாங்க இடமில்லாததால் வில்லையின் நடுவே எல்லாத் திசையிலும் இழுப்பு எழுகிறது. எதிர்க்குறி அழுத்தம் என்று சொல்லலாம். அது யங் குணகத்தின் ஆறில் ஐந்து பங்கை எட்டும்போது, வெளியே எதுவும் தெரியாமலேயே, ரப்பருக்குள் சிறு குழிகள் வெடித்துத் திறக்கின்றன. யங் குணகம் 1.5 மெகாபாஸ்கல் உள்ள நம் முந்தைய ரப்பருக்கு அது 1.25 மெகாபாஸ்கல். பட்டையாக இழுத்தால் இதைப் போலப் பல மடங்கு தகைவைத் தாங்கும் அதே ரப்பர் இது. தாங்கிகளில் மேல்நோக்கிய இழுப்பு வராமல் வடிவமைப்பாளர்கள் அஞ்சிக் காப்பது இந்தக் காரணத்தால்தான்.

நம் உடலின் மெல்திசுக்களும் இவ்வகையே. நீர் நிறைந்திருப்பதால் பருமக் குணகம் நீரினுடையது, விறைப்பு சில கிலோபாஸ்கல் மட்டுமே. அதனால் ஈரலில் ஒலி அலை நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் ஓடும்போது, வடிவ மாற்ற அலை நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் நகர்கிறது. ஈரல் தழும்பேறி இறுகினால் முதல் வேகம் பெரிதாக மாறாது, இரண்டாவது வேகம் கூடும். ஈரலின் இறுக்கத்தைக் கத்தி படாமல் அளக்கும் கருவிகள் அந்த இரண்டாவது வேகத்தையே அளக்கின்றன.

கடைசியாக மென்பொருள். 0.5ஐ ஏற்காத நிரலில் பலரும் 0.49 என்று இட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் வேறுபாடு நூற்றில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் யங் குணகம் 1.5 மெகாபாஸ்கல் என்றிருக்க, 0.49 என்பது பருமக் குணகத்தை 25 மெகாபாஸ்கல் ஆக்கிவிடுகிறது. உண்மையில் இருப்பதில் 80இல் ஒரு பங்கு. சுதந்திரமாகப் பிதுங்கும் பட்டைக்கு இதனால் கேடில்லை. அடைபட்ட வில்லைக்கும் தாங்கிக்கும் விடை முற்றிலும் பிழையாகிவிடும். மறுபுறம் 0.4999 என்று இட்டுச் சாதாரண உறுப்புகளை (கணக்கிடுவதற்காக மென்பொருள் பொருளைப் பிரிக்கும் சிறு துண்டுகளை) பயன்படுத்தினால், ஒவ்வோர் உறுப்பும் தன் கன அளவை மாறாமல் வைத்துக்கொள்ள முயன்று முழுப் பொருளும் செயற்கையாக இறுகிப்போகும். இடப்பெயர்ச்சியோடு அழுத்தத்தையும் தனி அறியாக்கணியாக எடுத்துக்கொள்ளும் கலப்பு முறையை லெனர்ட் ஹெர்மன் 1965இல் முன்வைத்தார். இன்றைய மென்பொருள்களில் கலப்பு உறுப்புகள் என்ற பெயரில் அதன் வழிவந்தவை இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்துகொண்டு, யங் குணகத்தையும் பாய்சான் விகிதத்தையும் தராமல், விறைப்புக் குணகத்தையும் பருமக் குணகத்தையும் தனித்தனியே தாருங்கள். விறைப்பை உங்கள் பட்டையில் எடையைத் தொங்கவிட்டே அளந்துவிடலாம். பருமக் குணகத்தை மட்டும் இழுத்து அளக்க முயலாதீர்கள்: 1 மெகாபாஸ்கல் உண்மைத் தகைவுக்கு (மாறிய பரப்பை வைத்துச் சொல்லும் தகைவுக்கு) கன அளவு ஏறத்தாழ 6000இல் ஒரு பங்குதான் கூடும், வீட்டில் உள்ள எந்த அளவுகோலுக்கும் அது எட்டாது. இறுக்கமான எஃகு உருளைக்குள் ரப்பரை அடைத்து உந்துதண்டால் அமுக்கினால் அது நேராகக் கிடைக்கும்; கல்லூரி ஆய்வகத்தில் உள்ள அமுக்கச் சோதனை இயந்திரமே அதற்குப் போதும்.